வன்றொண்டர் பதிகங்களில் மனைவாழ்க்கை

புலவன் ஒருவன் தன் மனையின்கண் நிகழ்ந்தவற்றைப் பாட்டிற்குப் பொருளாக எடுத்துக்கொள்ளுங்கால், அவன் மனையாளும் மக்களும் பெற்றோரும் ஊரறிய வைக்கப்படுகின்றனர். அவர்தம் உடம்பாடு பெற்றே அவன் பாடினான் என்பதற்கு யாண்டும் சான்றில்லை. பாடியவன் புகழ் பெறுவான். பாடப்பட்டவர் பெறுவது யாது? இக்காலத்துச் சிறுகதையும் நாவலும் எழுதுவோரை நோக்கி எழுப்பப்படும் இவ்வினா, அவர்களோடு பிறந்ததொன்றன்று. ஏழாம் திருமுறையைக் கருத்தூன்றி ஓதுவார் எவர்க்கும் அது முன்னரே எழுந்திருத்தல் வேண்டும். எழாமைக்குக் காரணம், அத்திருமுறையிற் காணப்படும் மனைவாழ்க்கையைக் கண்டும் காணாதார் போலக் கடந்துசெல்லும் வழக்கமே யாம்.

சுந்தரமூர்த்தி சுவாமிகள் அருளியனவாக இன்று கிடைப்பன 100 பதிகங்கள். அவற்றுட் சிலவற்றிற் பரவையார் பெயர் வருகின்றது. சங்கிலியார் பெயர் வருகின்றது. மகண்மை கொண்ட சிங்கடியார், வனப்பகையார் பெயர்கள் வருகின்றன. திருத்தொண்டத்தொகையின் இறுதித் திருப்பாட்டிலோ தந்தையார் சடையனாரையும் தாயார் இசைஞானியாரையும் தம் பெயரோடு சேர்த்து அமைத்துவிட்டார். ஏனைய ஆசிரியர் திருவாக்குக்களில் இத்துணைப் பெருக்கம் இல்லை. ஆளுடைய பிள்ளையார் தாம் பாலடிசில் உண்டமைக்குத் தந்தையார் வெகுண்டதனைக் கழுமலப் பதிகமொன்றிற் குறித்தருளினார். அத்தந்தையாரின் வேள்விக்கெனத் திருவாவடுதுறையிற் பொருள் வேண்டினார். அவ்வளவிற் குடும்பச் செய்தி நின்றது. காரைக்காலம்மையார் அருளிய 143 திருப்பாட்டுக்களில் அதுவும் இல்லை. மாங்கனியும், பரமதத்தனும், அவன் அஞ்சி நீங்கியதும், பாண்டிநாட்டில் வேறு மணம் புரிந்து தன் மகளுக்கு அம்மையார் திருப்பெயரை இட்டதும் சேக்கிழார் பெருமான் வாயிலாகவே உலகம் அறிந்தவை. அம்மையார் மனையை விட்டார். பாட்டிலும் அதனை விட்டார். வன்றொண்டர் மனையோடு இருந்தார். பாட்டிலும் அதனோடு இருந்தார். இரண்டும் அருள்வழியே என்பதில் ஐயமின்று. ஆயினும் பின்னையதை அருள்வழி எனக் கொள்வதில் கற்றோர்க்கே கூச்சம் உளது போலும்.

அக்கூச்சம் இருவகையாற் புலப்படுகின்றது. நெல்லுக்கு ஆள் வேண்டிப் பாடியதும், மனைவியின் முகவாட்டம் தீரப் பொன் வேண்டிப் பாடியதும் பாசநீக்கத்திற்கு எவ்வாற்றான் உதவும் என வினவி, அப்பதிகங்களை ஒருபுறம் ஒதுக்கிவிடுவார் ஒரு சாரார். மற்றொரு சாரார் அவற்றை ஒதுக்காது காப்பதாகக் கருதிக்கொண்டு, பரவையார் இன்ன சத்தி, சங்கிலியார் இன்ன சத்தி, நெல் இன்ன தத்துவம், பொன் இன்ன மலபரிபாகம் என அட்டவணை வரைந்து, பாட்டிலுள்ள பசியைப் பசியல்லாததாக்கிவிடுவர். இரு சாரார்க்கும் அடிப்படை ஒன்றே: உள்ளவாறு கொள்ளின் அது தேவாரத்திற்குத் தகாது என்னும் எண்ணம். கமலினியார் பரவையாராகவும் அநிந்திதையார் சங்கிலியாராகவும் வந்தருளினர் எனச் சேக்கிழார் திருமலைச் சிறப்பிற் கூறியது உண்மையே. அங்ஙனம் கூறிய அவரே, திருவாரூரிற் பரவையார் திருமாளிகையின் அடுக்களையையும் முற்றத்தையும் கதவத்தையும் விடாது பாடினார் என்பதனை அவ்வட்டவணைக்காரர் மறந்தனர். கயிலையினின்று வந்தவர்க்கும் திருவாரூரில் உலை வைத்தல் வேண்டும் அன்றோ?

இனி, வன்றொண்டர் இதனைச் செய்தது தமிழ்மரபிற்குப் புறம்பாகவோ எனின், அன்று. அகத்திணையில் ஒருவர் பெயர் சுட்டப்படுதல் கூடாதெனத் தொல்காப்பியனார் விலக்கினார். தலைவன் தலைவி எனப் பொதுவிற் கூறப்படுமிடத்து எம்மனையும் புகலாம். எவர் நாணமும் கெடாது. பெயர் சுட்டினால் அது புறமாம். ஆகலின் தன் மனையையே பெயரும் முகமும் தோன்றப் பாடக் கருதிய புலவனுக்குப் புறத்திணையே இடமாயிற்று. அங்கும் பெரும்பாலும் வறுமை காரணமாகவே அவ்விடம் திறந்தது. புறநானூற்றிற் பெருஞ்சித்திரனார் குமணனிடம் சென்று பாடிய பாட்டுக்கள் இதற்குத் தலையாய சான்று. ஆண்டு முதுமையால் வாழ்நாளை வெறுத்த தாயும், குப்பையில் முளைத்த கீரையை உப்பின்றி அட்டு உண்ணும் மனையாளும் காட்டப்படுகின்றனர். பிறிதொரு பாட்டில், பாலின்றி அழும் மகனுக்குப் புலியைச் சொல்லி அச்சுறுத்தியும் திங்களைக் காட்டியும் ஓயாத தாய், தந்தையை நீ வெகுளும் முகத்தைக் காட்டு என்று கேட்கின்றாள். பெருந்தலைச் சாத்தனாரும் அக்குமணனிடத்தே அழும் குழவியையும் அதன் தாயையும் காட்டிப் பாடினார். அவையெல்லாம் கற்பனைக்கு அணியாக வந்தவை அல்ல. புரவலன் கண்ணாற் காணாததனைக் காணச் செய்தற்கு வந்தவை. அவன் அறியான், அறிவித்தாலன்றிக் கொடான். ஆகலின் புலவன் தன் வீட்டுக் கதவை முழுதும் திறந்து வைக்க வேண்டியவனாயினான்.

இவ்வழியிலேயே வன்றொண்டர் நின்றார் என்பதும், நின்று அதனை வேறாக்கினார் என்பதும் திருக்கோளிலிப் பதிகத்தால் விளங்கும். குண்டையூர்க்கிழார் அளிக்க வந்த நெல் மலையாகக் குவிந்தது. அதனை ஆரூர்க்குக் கொண்டுசெல்ல ஆள் இல்லை. பரவையார் பசியால் வாடாமைப்பொருட்டு ஆள் தந்தருளுக என்பதே பதிகத்தின் வேண்டுகோள். ஈண்டு நோக்கத்தக்கது, பரவையாரின் வாட்டம் விரித்துரைக்கப்படாமையே. அடுப்பும் கலமும் காட்டப்படவில்லை. உண்ணாத முகம் எவ்வாறிருந்தது எனச் சொல்லப்படவில்லை. மாறாக, இறைவனை நோக்கி, பாகத்தில் ஒரு பெண்ணை வைத்தவன் நீ, சடையில் ஒரு பெண்ணை வைத்தவன் நீ, ஆதலின் மகளிர் படும் துன்பம் நீயும் அறிந்ததன்றோ எனும் கருத்தமைய ஒரு வழக்கு உரைக்கப்படுகின்றது. குமணன் அறியான், ஆகலின் பெருஞ்சித்திரனார் விரித்தார். கோளிலி எம்பெருமான் அறிவான். ஆகலின் தம்பிரான் தோழர் விரித்திலர். கேட்பவன் மாறியதும் பாட்டின் அமைப்பே மாறிவிட்டது. பரவையார் ஊரறியக் காட்டப்பட்டார் என்னும் குறையும் அதனாலே பெரும்பான்மையும் நீங்கிற்று. சொல்லப்பட்டது அவர் பசி என்னும் ஒன்றே, அதுவும் தம்மால் தீர்க்கப்படாத பசி எனத் தம் இயலாமையின்மேல் வைத்தே.

மானிடரைப் பாடிப் பொருள் பெறும் வழியைச் சுவாமிகள் அறியாதவரல்லர். திருப்புகலூர்ப் பதிகத்தில் அதனை அவரே எள்ளுகின்றார்; ஈயாதான் ஒருவனைப் பாரியோடு ஒப்பிட்டுப் பாடினும் அவன் ஈதல் இல்லை என்கின்றார். பாரியின் பெயர் அங்கு வருவது தற்செயலன்று. சங்கப் புலவர் மனைவறுமையைக் கொண்டு சென்ற வாயில்கள் அடைபட்டன. அதே வறுமையைக் கொண்டு வேறொரு வாயிலுக்குச் செல்க எனப் புலவர்க்கு அறிவுறுத்தும் பதிகம் அது. பங்குனி உத்திரத் திருநாட் செலவிற்காகப் பரவையார்க்குப் பொருள் வேண்டிச் சென்றபோதே, செங்கல் பொன்னான அத்தலத்தே அது பாடப்பெற்றது என்பது புராணம்.

இறைவனுக்கும் ஒரு மனை உண்டு என்பது வன்றொண்டர் மறவாத செய்தி. கோளிலியில் அதனை வழக்கிற்குச் சான்றாக வைத்தார். கச்சி ஓணகாந்தன்றளியில் அதனையே நகைக்குப் பொருளாக்கினார். அங்குக் கங்கையாள் வாய் பேசாதவள். கணபதி வயிறொன்றே உடையவன். குமரன் இன்னும் சிறுபிள்ளை. இத்தகைய வீட்டில் எவரிடம் முறையிட்டு எவரிடம் கூலி பெறுவது என்று ஆட்செய்வான் ஒருவன் முணுமுணுக்கும் குரல் அப்பதிகத்தில் ஒலிக்கின்றது. பெரிய வீடொன்றிற் பணிபுரிந்தாரும், அத்தகையாரை வீட்டில் வைத்திருந்தாரும் இக்குரலை உடனே இனங்கண்டுகொள்வர். இது சகமார்க்கத்தின் உரிமை. தாசமார்க்கத்தில் நிற்பார் ஆண்டான் வீட்டு உட்செய்தியை நாவாலும் தீண்டார். சற்புத்திரர்க்கு அது தம் வீடேயாதலின் நகையாடல் தோன்றாது. தோழர்க்கிடையே மட்டும் ஒருவர் வீட்டுச் செய்தி மற்றவர்க்குப் பேச்சாகின்றது. நெல் இல்லை என்றும், மனைவி முகம் கொடுக்கவில்லை என்றும் தோழனிடம் அன்றி வேறெவரிடம் ஒருவன் கூறுவான்? ஆகலின் மனைவாழ்க்கை 7ஆம் திருமுறையுட் புகுந்தது மார்க்கத்தின் இயல்பாலேயே ஆம். அதனை அகற்றினால் சகமார்க்கம் என்னும் பெயர் வெறும் பெயராய் ஒழியும்.

திருமுதுகுன்றப் பொன்னைப் பற்றிய பதிகத்தில் ‘இவள்’ என்னும் சுட்டு ஒன்றே போதிய சான்று. மணிமுத்தாற்றிற் போகவிட்ட பொன்னைக் கமலாலயக் குளத்தில் தேடும் காலத்துப் பாடப்பெற்றதென்பர். பரவையாரை அண்மைச் சுட்டால் குறித்தமையின் அவர் கரையிலே நிற்கின்றார் என்பது கேட்போர்க்குத் தானே விளங்கும். நிற்கும் பெண் ஒருத்தியின் முன் குளத்தில் கையிட்டுத் துழாவும் ஒருவன் நிலை எத்துணை இளிவரல் உடையது! பாட்டு அவ்விளிவரலை மறைக்கவில்லை. தமக்கு உற்ற நெருக்கடி தீருமாறு அருளுக என்றே திருப்பாட்டுக்கள் முடிகின்றன.

சங்கிலியாரைப் பற்றிய திருப்பாட்டுக்களே ஈண்டு மிக ஆராயத்தக்கவை. திருவொற்றியூரில் சங்கிலியாரைப் பிரியேன் எனச் சூளுறவு செய்தல் வேண்டும் என்ற நிலை வந்தபோது, சூளுரைக்கும் பொழுது திருக்கோயிலைவிட்டு மகிழமரத்தின் கீழ்ச் சென்றிருக்குமாறு இறைவனை இவர் வேண்டினார். இறைவனோ சூளுறவை மகிழின் கீழேயே நிகழச் செய்துவிட்டான். சேக்கிழார் இதனை விரித்துரைத்ததனால் இஃது அவர் படைத்துக்கொண்ட நாடகம் என ஐயுறுவார் உளர். திருவெண்பாக்கத் திருப்பதிகத்தை ஓதியறியாமையே அவ்வையத்திற்குக் காரணம். அப்பதிகத்தில் சுவாமிகளே, மகிழின் கீழ்ச் சென்றிரு எனத் தாம் சொன்னதையும், தம்மை அறியாமல் சூள் அவ்விடத்தே நிகழுமாறு இறைவன் செய்ததையும் வெளிப்படக் கூறிவிட்டார். சங்கிலியாரை இறைவனே தந்தருளினான் என்பதையும் அங்கேயே கூறினார். தாம் ஒரு பெண்ணுக்கு உரைக்க இருந்த சூளைப் பொய்படுத்தற்குச் செய்த சூழ்ச்சியைத் தம் வாயாலேயே பாட்டில் வைப்பவர், அதனை மூடிமறைத்தல் எளிதாயிருந்தும் மறைத்திலர். பதிகம் முழுதும், திருக்கோயிலில் உள்ளாயோ என வினவியதற்கு ஊன்றுகோல் ஒன்றை நல்கி, உள்ளோம், நீர் செல்லும் என அயலார்க்குச் சொல்வதுபோல் இறைவன் பன்மையில் விடைகூறியதையே முடிபாகக் கொண்டு நடக்கின்றது. தோழமை நீங்கி மரியாதை புகுந்த வீட்டின் குளிர்ச்சி அதில் உளது.

சூள் தவறி ஒற்றியூர் எல்லையைத் தாண்டிய அளவிற் கண்ணொளி மறைந்தது. அந்நிலையில் அருளிய ஒற்றியூர்ப் பதிகம் 7ஆம் திருமுறையில் 54ஆவதாக அமைந்துள்ளது. அதன்கண் ஒரு திருப்பாட்டைக் கற்றோர் பலர் விரைந்து கடப்பர். அங்குத்தான் நிற்றல் வேண்டும். மக நாளிற் புகுந்த சனியைப்போல் நீ எனக்கு வாய்த்தாய் என இறைவனையே நொந்து தொடங்கும் அத்திருப்பாட்டு, வீட்டிலுள்ள பெண்டிரை நோக்கித் தாம் ஒன்று சொன்னால், அழைக்காதே எனத் தடுத்துக் கண்ணில்லாதவன் எனக் கூறி அவர் விலக்குவதைப் பொறுக்ககில்லேன் என்று புலம்புகின்றது. சனி மகத்திற் புகுதல் பற்றிய பேச்சு சாத்திரப் பேச்சன்று. பஞ்சாங்கம் கேட்ட வீட்டுத் திண்ணையிற் பிறப்பது. பெண்டிர் கூற்றோ, அடுக்களையினின்று புறத்தே வருவது. பக்திப் பாட்டில் எங்கும் கேளாத இக்குரல் இங்கு எவ்வாறு புகுந்தது? கண்ணிழந்த கலக்கத்தை வேறு எத்தனை உவமையாலும் சொல்லியிருக்கலாம். இருளை விரித்திருக்கலாம்; வழியறியாமையை விரித்திருக்கலாம். அவற்றையெல்லாம் விட்டு, தன் வீட்டிலே தன் சொல் ஏறாமற் போன சிறுமையை எடுத்தார். குருடனுக்கு உலகம் தெரியாமை ஒரு துன்பம். வீட்டார்க்குத் தான் தெரியாமற் போதல் அதனினும் பெருந்துன்பம். இதனை நூலில் கற்றுப் பாட இயலாது.

அன்றியும், அப்பெண்டிர்மேல் அத்திருப்பாட்டில் ஒரு வசைச்சொல்லும் இல்லை என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. அவர் சொன்ன கடுஞ்சொல் அவர் சொல்லாகவே வைக்கப்பட்டது. அதற்கு மறுமொழி இல்லை. வெகுளியெல்லாம் இறைவன்மேற் சென்றது. ஆரூரில் அருளிய பதிகத்திலும், மீளாத அடிமை பூண்டவர் துன்புறக் கண்டிருப்பின் நீரே இனிது வாழ்ந்திரும் எனும் கருத்தமைந்த, உறவினர் வாயிற்படியில் நின்று மனம் வெதும்பிக் கூறும் வாழ்த்தே போன்ற சொல், இறைவன்மேலே எறியப்படுகின்றது. மனைவாழ்க்கையைப் பாட்டிற்குப் பொருளாக்குவார்க்கு இதுவே அளவுகோல் எனத் துணிந்து கூறலாம்: பாடுவான் சிறுமையுறும் இடத்திலே மனை பாட்டினுட் புகுகின்றது, பாடப்பட்டார் சிறுமையுறும் இடத்தில் அது புகவில்லை. பொய்ச்சூள், கையறுநிலை, கடன், கண்ணின்மை, சொல் ஏறாமை என இவையெல்லாம் பாடினவர்க்கு உரியன. பரவையார்க்கும் சங்கிலியார்க்கும் உரிய மனநிகழ்ச்சிகள் பதிகங்களிற் பெரும்பாலும் இல்லை.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டுப் பரவையாரின் ஊடல். சங்கிலியாரை மணந்த செய்தி கேட்டுப் பரவையார் கதவடைத்ததும், இறைவன் நள்ளிரவில் முதலில் அருச்சிக்கும் ஆதிசைவர் வடிவிற் சென்று மறுக்கப்பட்டதும், பின்னர்த் தன் வடிவுடனே சென்று அவரை உடம்படுத்தியதும் ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்தில் சுவைபெருக விரிக்கப்பட்டுள. புலவர் ஒருவர்க்கு இதனினும் வளமான பொருள் வேறு வாய்த்தல் அரிது. வன்றொண்டரோ திருநள்ளாற்றுப் பதிகத்தில் இறைவனைத் தூதன் என ஒரு சொல்லாற் சுட்டி, அதனோடு சேர்த்துத் தாம் செய்த குற்றங்களைப் பொறுப்பவன் என்று கூறி அமைந்தார். கதவிற்கு அப்பால் நின்றவர் என்ன சொன்னார் என்பது அங்கு இல்லை. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் அக்கதவைத் திறந்து உட்புகுந்தது தவறன்று. அவர் காப்பியம் செய்தவர், அவர்க்கு அப்பெண்மணி தொழத்தக்க தலைவி, மனையாள் அல்லள். கணவன் கூறுதற்கில்லாததைக் காப்பியப் புலவன் கூறலாம். அவ்வேறுபாட்டை உணராதார் இருவரையும் ஒரு நிறையால் நிறுக்க முற்படுவர்.

இதற்கு மாறாகச் சங்கிலியார் பக்கம் ஒரு வழக்கு எழும் என்பது மறுக்கற்பாலதன்று. ஒற்றியூரில் விடப்பட்டவர் அவர். பிரிந்தவர் பாட்டால் இழந்த கண்ணைப் பெற்றார், காஞ்சியில் ஒன்றும் ஆரூரில் ஒன்றுமாக. விடப்பட்டவர்க்குப் பதிகத்திற் கிடைத்தது பெயர் மட்டுமே. அவர் அகத்தைப் புனைந்து பாடாமை அவர்க்குச் செய்த மரியாதை என்று கொள்ளலாம். மறதி என்றும் ஒருவர் கொள்ளலாம். பதிகங்களின் சான்றுகொண்டு இவற்றுள் ஒன்றை அறுதியிடல் இயலாது. சூளைப் பொய்ப்பிக்க எண்ணியது தம் செயல் என்று அவரே எழுதிவைத்தமை, முன்னையதன் பக்கம் நிறைகோலைச் சிறிது சாய்க்கும்.

மக்கள் செய்தி எஞ்சியது. கோட்புலி நாயனார் தம் மகளிர் சிங்கடியாரையும் வனப்பகையாரையும் அடிமையாக ஏற்றருளுக எனக் காட்டியபோது, சுவாமிகள் அவ்விருவரையும் மடிமீதிருத்தித் தம் மக்களாகக் கொண்டார் என்பது புராணம். பிறர் வீட்டிலிருந்து வந்த இவ்வுறவு அவர் பாட்டில் யாண்டு இடம்பெற்றது எனின், தம் பெயர் கூறும் திருக்கடைக்காப்பில். அவ்விடம் புலவர்க்கு உரிமையான இடம். அங்கு ஊரும் குலமும் புலமையும் கூறிக்கொள்ளுதல் வழக்கு. இவர் நாவலூரர் என்றும் ஆரூரர் என்றும் கூறிக்கொண்டதோடு அமையாது, சிங்கடிக்குத் தந்தை, வனப்பகைக்குத் தந்தை என்பதையும் தம் பெயராகவே வைத்துக்கொண்டார். அம்மகளிரின் அழகையோ மழலையையோ பாடிய பாட்டு ஒன்றும் இல்லை; விளையாட்டு இல்லை, தாலாட்டு இல்லை. தந்தை என்னும் முறை ஒன்றே உளது. கோட்புலியார் ஊராகிய திருநாட்டியத்தான்குடிப் பதிகத்தின் முடிவில் அக்கோட்புலியாரின் பெயரும் பாடப்பெற்றது. பெற்ற தந்தையைப் பாடிய அத்திருப்பாட்டிலேயே, பூங்குழற் பெண்ணாகிய சிங்கடிக்குத் தாம் தந்தை எனக் கைச்சாத்திட்டு, பாடும் பழக்கம் இல்லாத தொண்டரும் இதனைப் பாடுக என்று கேட்டுக்கொள்கின்றார்.